உங்கள் வாட்டர் ஹீட்டருக்கு என்ன வயது?

2022 டிசம்பர் கடைசி வாரத்தில், விடாமல் பெய்துகொண்டிருந்த மழைக்கு நடுவே, கலிஃபோர்னியாவில் எங்கள் எதிர்வீட்டு கராஜ் கதவின் அடியிலிருந்து தண்ணீர் வழிந்து தெருவோர வடிகாலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. மழைநீர்தான் உள்ளே புகுந்து வெளியேறுகிறது என்று எண்ணிக் கடந்துபோன என்னை, அந்த நீரிலிருந்து மெல்ல எழுந்த ஆவிதான் நிறுத்தியது. வெந்நீர்த் தொட்டியின் அடிப்பாகம் துருவேறி ஓட்டை விழுந்திருந்தது. 50 கேலன், அதாவது ஏறக்குறைய 190 லிட்டர் கொள்ளும் தொட்டி அது. உள்ளிருந்த நீர் வெளியேற வெளியேறக் குழாயிலிருந்து புதுநீர் வந்து நிரம்பிக்கொண்டே இருந்ததால், வால்வை மூடும்வரை ஒழுக்கு நிற்கவில்லை. பகல் 11 மணிக்கு வீட்டுக்காரர் பிளம்பரை அழைத்தார். மாலை 5 மணிக்குள் பழைய தொட்டி நின்ற இடத்தில் அதே அளவுள்ள புதிய கேஸ் வாட்டர் ஹீட்டர் நின்றது.

அவர், காற்றின் சூட்டை எடுத்து மின்சாரத்தில் நீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டரைப் பற்றி ஆறு மாதமாக என்னோடு ஆர்வமாகப் பேசிவந்தவர். எந்த நிறுவனத்தின் தொட்டி நல்லது, எவ்வளவு சத்தம் வரும் என்பதெல்லாம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அன்றைக்கு அவருக்கு இருந்தவை இரண்டே வழிகள். கேஸ் என்றால் அன்று மாலையே வெந்நீர். ஹீட் பம்ப் என்றால் நகராட்சி பெர்மிட், எலக்ட்ரீஷியன், தொட்டி இருப்பு எல்லாம் கூடிவர இரண்டு மூன்று வாரம். வீட்டில் கைக்குழந்தை இருந்தது. அந்த நிலையில் யாராக இருந்தாலும் அவர் செய்ததையே செய்திருப்போம். அப்படி வைத்த தொட்டி இன்னும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு எரிவாயுவை எரித்துக்கொண்டிருக்கும். தனி வீடுகளின் வெந்நீரை எரிவாயுவிலிருந்து மின்சாரத்துக்கு மாற்றும் முயற்சி இடறி விழுவது இந்த ஒரு நாளில்தான் என்று அன்று எனக்குப் பட்டது. அதற்குப் பின் எங்கள் வீட்டில் மாற்றி, ஒன்றரை ஆண்டுக்கு மேல் பயன்படுத்திப் பார்த்த பிறகும் அந்த எண்ணம் வலுத்திருக்கிறதே தவிரக் குறையவில்லை.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்காக ஒரு விளக்கம். கோயம்புத்தூரில் என் பெற்றோர் வீட்டுக் குளியலறையில் இருப்பது 15 லிட்டர் கீசர். குளிக்கப் போகுமுன் சுவிட்சைப் போடுவோம், முடிந்ததும் அணைப்போம். அமெரிக்கத் தனி வீட்டில் அப்படியில்லை. வீடு முழுவதற்கும் ஒரே பெரிய தொட்டி. குளியலறை, சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாவற்றுக்கும் அதிலிருந்தே வெந்நீர் போகும். யார் குளித்தாலும் குளிக்காவிட்டாலும் 24 மணி நேரமும் அது சூடாகவே இருக்கும். கலிஃபோர்னியாவில் பெரும்பாலான வீடுகளில் அந்தத் தொட்டியைச் சூடாக்குவது எரிவாயு.

நாங்கள் இருப்பது சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில், ஃப்ரீமான்ட் நகரில், 1960களில் கட்டப்பட்ட ஒற்றைத் தள வீட்டில். எதிர்வீட்டுச் சம்பவம் நடந்த அன்று மாலையே டார்ச் விளக்கோடு எங்கள் கராஜுக்குப் போய், தொட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தாளைப் படித்தேன். தயாரிக்கப்பட்ட ஆண்டு 2010 என்று இருந்தது. இத்தகைய தொட்டிகளின் ஆயுள் பொதுவாக 10 முதல் 15 ஆண்டுகள். அடியில் குனிந்து பார்த்தால் பர்னரின் நீலச் சுடர் தெரிந்தது. தொட்டியின் நடுவே மேலேறிக் கூரை வழியாக வெளியே போகும் புகைக்குழாயைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. நாம் காசு கொடுத்து வாங்கும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படிப் புகைக்குழாய் வழியாகவும் தொட்டியின் சுவர் வழியாகவும் வீணாகிறது. வழக்கமான கேஸ் தொட்டிகளின் திறன் எண் 0.6 அல்லது அதற்குச் சற்று மேல் என்பதன் பொருள் அதுதான்.

ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டரில் அந்த எண் 3.3 முதல் 4 வரை இருக்கும். நூறு பங்கு கொடுத்து முந்நூறு பங்கு பெறுவது எப்படி என்று கேட்பவர்களிடம், அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜின் பின்புறத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். ஃபிரிட்ஜ் உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது. அதனால்தான் பின்புறம் சுடுகிறது. இந்த வாட்டர் ஹீட்டர் செய்வதும் அதே வேலைதான், கராஜில் உள்ள காற்றிலிருந்து சூட்டை எடுத்துத் தொட்டித் தண்ணீருக்குள் தள்ளுகிறது. தொட்டியின் தலைமேல் ஒரு மின்விசிறியும் கம்ப்ரெஸரும் இருக்கும். குளிர்பதன வாயு காற்றின் வெப்பத்தை வாங்கி ஆவியாகி, கம்ப்ரெஸரில் அழுத்தப்பட்டு மேலும் சூடேறி, தொட்டியைச் சுற்றியிருக்கும் குழாயில் ஓடும்போது அந்தச் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுத்து மறுபடி திரவமாகிறது. மின்சாரம் வெப்பத்தை உண்டாக்குவதற்குச் செலவாகவில்லை, இருக்கும் வெப்பத்தை இடம் மாற்றுவதற்கே செலவாகிறது. ஆகவே கம்ப்ரெஸர் ஓடும்போது இழுப்பது ஏறத்தாழ 400 முதல் 500 வாட் மட்டுமே. சாதாரண மின் தொட்டியின் காயில் (நீரைச் சூடேற்றும் மின்கம்பிச் சுருள்) 4,500 வாட் இழுப்பதோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

நாங்கள் விசாரித்துக்கொண்டிருந்தபோதே, 2023 மார்ச்சில், விரிகுடாப் பகுதியின் ஒன்பது கவுண்டிகளுக்குப் பொறுப்பான காற்றுத் தர மாவட்டம் என்ற அரசு அமைப்பு ஒரு விதியை ஏற்றது. அதன்படி 2027 ஜனவரி 1 முதல் வீடுகளுக்கான சிறிய வாட்டர் ஹீட்டர்கள், அதாவது மணிக்கு 75,000 பி.டி.யு.வுக்கு (பி.டி.யு. என்பது வெப்பத்தை அளக்கும் அலகு) குறைவானவை, காற்றை மாசுபடுத்தும் நைட்ரஜன் ஆக்சைடு சிறிதும் வெளியிடாதவையாக இருந்தால்தான் விற்கவும் பொருத்தவும் முடியும்; வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ்களுக்கு 2029, பெரிய வாட்டர் ஹீட்டர்களுக்கு 2031 என்று ஆண்டுகள் குறிக்கப்பட்டன. எரிவாயுவை எரித்தால் நைட்ரஜன் ஆக்சைடு வராமல் இராது என்பதால், நடைமுறையில் இது மின்சாரத்துக்கு மாறச் சொல்வதே. இந்தப் பகுதியில் கட்டடங்களின் கேஸ் சாதனங்கள் வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடின் அளவு பயணிகள் கார்கள் வெளியிடும் அளவோடு ஒப்பிடத்தக்கது என்று அந்த மாவட்டம் காரணம் கூறியது. நண்பர்கள் வட்டத்தில் இந்தச் செய்தி, “வீட்டில் இருக்கும் கேஸ் ஹீட்டரைப் பிடுங்கிக்கொண்டு போகப்போகிறார்கள்” என்ற அளவில் பரவியது. அப்படி எதுவும் விதியில் இல்லை. ஓடுகிற தொட்டி ஓடலாம், பழுதானால் பழுது பார்க்கலாம். புதிதாக வாங்கும்போதுதான் விதி குறுக்கே வரும். இடநெருக்கடி உள்ள வீடுகளுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் என்ன தளர்வு தருவது என்ற விவாதம் அதன் பிறகும் தொடர்ந்தது. அது நியாயமான விவாதம் என்றே கருதுகிறேன். பக்கத்தில் பெர்க்லி நகரம் 2019இல் புதுக் கட்டடங்களில் எரிவாயு இணைப்புக்கே தடை விதித்து, 2023இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. விரிகுடாப் பகுதியின் விதி இணைப்பைத் தொடாமல், சாதனம் வெளியிடும் மாசை மட்டும் அளவுகோலாகக் கொண்டது.

இனி எங்கள் அனுபவத்துக்கு வருகிறேன். 2024 தொடக்கத்தில் மூன்று காண்டிராக்டர்களிடம் விலை கேட்டோம். முதலாமவர், வீட்டு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பிரேக்கர் பெட்டியான பேனலைத் திறந்து பார்த்த இரண்டு நிமிடத்தில், “இது 100 ஆம்பியர் பேனல், இதை 200 ஆக்காமல் ஒன்றும் செய்ய முடியாது” என்று சொல்லிவிட்டார். அவர் கொடுத்த மதிப்பீடு 11,400 டாலர். அதில் வாட்டர் ஹீட்டரைவிடப் பேனல் மாற்றும் செலவுதான் பெரிது. பேனலை மாற்றினால் தெருவிலிருந்து வரும் மின்கம்பியையும் மாற்ற நேரலாம், அதற்கு மின் நிறுவனத்தின் வரிசையில் மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம் என்றும் சொன்னார். பலர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். நானும் விட்டிருப்பேன், அலுவலக நண்பர் ஒருவர், “எங்கே கணக்கு? அவர் சுமைக் கணக்குப் போட்டுக் காட்டினாரா?” என்று கேட்டதால்தான் விடவில்லை.

அந்தக் கணக்கை இங்கே எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும். வீட்டில் உள்ள சாதனங்களின் பிரேக்கர் எண்களை எல்லாம் கூட்டிப் பார்த்துப் பேனல் போதாது என்று சொல்வது தவறு, ஏனெனில் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. ஏற்கெனவே மக்கள் குடியிருக்கும் வீடுகளுக்கு, கடந்த ஓராண்டில் அந்த வீடு உண்மையில் இழுத்த உச்ச மின்சாரத்தை எடுத்து, அதை 1.25 ஆல் பெருக்கி, அதனோடு புதிய சாதனத்தின் சுமையைச் சேர்த்துப் பார்க்க அமெரிக்க மின் விதித் தொகுப்பு அனுமதிக்கிறது. மீட்டர் பதிவுகளை மின் நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிப் பார்த்தேன். எங்கள் உச்சம் ஏறக்குறைய 7 கிலோவாட். நன்றி அறிவித்தல் நாளன்று மின் அடுப்பும் துணி உலர்த்தியும் சேர்ந்து ஓடிய ஒரு மாலை அது. 240 வோல்ட்டில் அது 29 ஆம்பியர், 1.25 மடங்கு என்றால் 37. புதிய வாட்டர் ஹீட்டர் கம்ப்ரெஸரை விட்டுவிட்டு அதிலுள்ள 4,500 வாட் காயிலிலேயே முழுமூச்சாக ஓடினாலும் 19 ஆம்பியர்தான் கூடும். மொத்தம் 56. நூறுக்கு இன்னும் எவ்வளவோ இடம் இருக்கிறது. எங்களிடம் ஏ.சி.யும் மின்காரும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டும் இருக்கும் வீட்டில் கணக்கு வேறு விதமாக முடியலாம். அப்படி முடிந்தாலும், சாதாரண 120 வோல்ட் சாக்கெட்டில் செருகி ஓட்டும் வகை 2022 முதல் சந்தையில் இருக்கிறது. அது மெதுவாகத்தான் சூடாக்கும், ஆனால் இரண்டு மூன்று பேர் உள்ள வீட்டுக்குத் தாராளமாகப் போதும்.

மூன்றாவதாக வந்தவர் அந்தக் கணக்கைத் தானே போட்டுக் காட்டினார். பேனலில் இரண்டு பழைய பிரேக்கர்களை ஒன்றாக்கி இடம் பிடித்து, 30 ஆம்பியர் தனி இணைப்பு இழுத்து, 65 கேலன் தொட்டி வைக்க 6,900 டாலர் கேட்டார். அதே நேரத்தில் ஒரு பிளம்பர் புதிய கேஸ் தொட்டிக்குச் சொன்ன விலை 2,600. கூட்டாட்சி அரசின் வரிச் சலுகை அப்போது நடப்பில் இருந்தது: செலவில் 30 சதவீதம், அதிகபட்சம் 2,000 டாலர். அதைக் கழித்தால் எங்களுக்கு 4,900. கேஸைவிட 2,300 டாலர் அதிகம் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். மாநில அளவிலும் வட்டார அளவிலும் ஊக்கத்தொகைகள் உண்டு. அவை நிதி இருக்கும்வரை கிடைக்கும், தீர்ந்ததும் நிற்கும், பிறகு மறுபடி திறக்கும். எங்களுக்கு அந்த நேரம் வாய்க்கவில்லை.

ஏப்ரலில் ஒரு நாள் காலை 8 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணிக்கு வேலை முடிந்தது. கேஸ் தொட்டி 18 அங்குல உயரமுள்ள மரமேடையின் மேல் இருந்தது. கராஜின் தரையில் பெட்ரோல் ஆவி தேங்கினால் பர்னரின் தீப்பொறி அதைப் பற்றவைத்துவிடக்கூடாது என்பதற்காக அந்த உயரம். புதிய தொட்டி உயரமானது என்பதால் மேடையைக் குறைத்துக் கட்டினார்கள். கலிஃபோர்னியாவில் எந்த வாட்டர் ஹீட்டராக இருந்தாலும், நிலநடுக்கத்தில் சாயாமல் இருக்க மேல் பாகத்தில் ஒன்றும் கீழ்ப் பாகத்தில் ஒன்றுமாக இரும்புப் பட்டைகளால் சுவரோடு கட்டியாக வேண்டும்; அதையும் செய்தார்கள். கேஸ் குழாயின் வாயை மூடியிட்டு அடைத்தார்கள். கூரைக்குப் போன புகைக்குழாயைக் கழற்றியபோது, அது போயிருந்த ஓட்டை வழியே கராஜுக்குள் ஒரு வட்டமான வெளிச்சம் விழுந்தது. அன்று மாலையே அதையும் அடைத்துவிட்டார்கள்.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். ஃபிரிட்ஜைப் போல இதிலும் குளிர்ந்த பாகத்தில் காற்றின் ஈரம் படிந்து நீராக வடியும். அது ஒரு சிறு குழாய் வழியாகத் துணி துவைக்கும் இயந்திரத்தின் வடிகாலுக்குப் போக வேண்டும். பொருத்தியவர்கள் அந்தக் குழாய்க்குச் சரியான சரிவு கொடுக்கவில்லை. மூன்று வாரம் கழித்து மேடையின் மரம் ஊறிக் கறுத்திருப்பதையும், பக்கத்தில் வைத்திருந்த புத்தகப் பெட்டியின் அடி நனைந்து இற்றுப்போயிருப்பதையும் பார்த்தோம். அழைத்ததும் வந்து சரிசெய்தார்கள். ஆனால் நகராட்சி ஆய்வாளர் உட்பட யாரும் அதைக் கவனிக்கவில்லை. உங்கள் வீட்டில் வைத்தால், முதல் மாதம் அந்தக் குழாயின் முடிவில் நீர் உண்மையில் சொட்டுகிறதா என்று நீங்களே பாருங்கள்.

இந்த இயந்திரம் வெந்நீரோடு சேர்த்துக் குளிர்ந்த காற்றையும் தரும் என்பதை யாரும் வாயால் சொன்னால் மனத்தில் பதிவதில்லை. எங்களுக்கு அதைப் பதியவைத்தது ஒரு கறிவேப்பிலைச் செடி. இந்தப் பகுதியில் தமிழர் வீடுகளில் கறிவேப்பிலைச் செடி எவ்வளவு அருமையானது என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நவம்பர் வந்தால் பூந்தொட்டியோடு தூக்கிக் கராஜில் ஜன்னலோரம் வைத்துவிட்டு, பிப்ரவரி கடைசியில்தான் வெளியே எடுப்போம். ஆறு ஆண்டுகளாக அந்த இடத்தில் பிழைத்த செடி, புதிய ஹீட்டர் வந்த முதல் குளிர்காலத்தில், ஜனவரி பிறக்கும்முன்பே மஞ்சளாகி இலைகளைக் கொட்டியது. வெப்பமானியை வைத்துப் பார்த்தால் கராஜ் 46 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருந்தது, அதாவது 8 டிகிரி செல்சியஸ். முன்பெல்லாம் பழைய கேஸ் தொட்டி வீணாக்கிய சூடுதான் அந்தச் செடியைக் காப்பாற்றி வந்திருக்கிறது. இப்போது அந்தச் சூடும் போய், விசிறியின் குளிர்காற்று நேரே இலைகளின் மேல் அடித்திருக்கிறது. படுக்கையறை ஜன்னலோரத்துக்கு மாற்றினோம். மார்ச்சில் தண்டின் பாதியில் ஒரு சிவந்த துளிர் வந்தபோதுதான் என் மனைவியின் முகம் தெளிந்தது.

இதனால்தான் இடம் முக்கியம் என்கிறார்கள். இயந்திரம் சூட்டை எடுக்க அதைச் சுற்றிக் காற்று வேண்டும்; தயாரிப்பாளர்கள் பொதுவாக 700 கன அடி அளவு கேட்கிறார்கள். ஒரு கார் நிற்கும் கராஜே அதைவிடப் பெரியது. வீட்டுக்குள் துணி அலமாரி போன்ற சிறு அறையில் வைத்தால், தான் குளிர்வித்த காற்றையே திரும்பத் திரும்ப உறிஞ்சித் திணறும். அங்கே பலகைகளுக்கு இடையில் இடைவெளி உள்ள கதவோ காற்றுக்குழாயோ வைத்தாக வேண்டும். சத்தம் 50 டெசிபல் அளவில், பழைய ஃபிரிட்ஜ் ஒன்று ஓடுவது போலக் கேட்கும். கராஜில் அது ஒரு பொருட்டே இல்லை. தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தால் யோசிக்க வேண்டியதுதான்.

அளவைப் பற்றி நாங்கள் கற்றது 2024 தீபாவளியன்று. ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். விடியும்முன் ஆறு பேர் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும். சீயக்காய் போட்டு எண்ணெய் போகத் தேய்த்துக் குளிப்பதற்கு வழக்கமான குளியலைப்போல ஒன்றரை மடங்கு வெந்நீர் ஆகும். நான்கு பேரை முதலில் அனுப்பிவிட்டு ஐந்தாவதாகப் போன அம்மா, “தண்ணி வெதுவெதுன்னு கூட இல்லைப்பா” என்று உள்ளிருந்து குரல் கொடுத்தார். காரணம் எளிது. கேஸ் பர்னர் மணிக்கு 40,000 பி.டி.யு. வேகத்தில் எரிக்கும், அரை மணியில் தொட்டியின் பாதியை மீட்டுவிடும். கம்ப்ரெஸர் மட்டும் ஓடினால் மணிக்குப் பத்து கேலன் அளவுக்குத்தான் சூடாக்க முடியும். ஆகவே இந்தத் தொட்டியில் வேகத்தை எதிர்பார்க்கக்கூடாது. சேமிப்பை நம்ப வேண்டும். கேஸில் 50 கேலன் வைத்திருந்தவர்கள் இதில் 65 வைக்க வேண்டும், விருந்தினர் அடிக்கடி வரும் வீடு என்றால் 80. நாங்கள் பிறகு பிளம்பரை அழைத்துக் கலப்பு வால்வு ஒன்றைப் பொருத்தினோம். இப்போது தொட்டியில் நீர் 140 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 60 செல்சியஸில் இருக்கிறது. வால்வு அதில் தண்ணீர் கலந்து 120 டிகிரியில் குழாய்களுக்கு அனுப்புகிறது. அதே தொட்டியிலிருந்து கூடுதல் குளியல்கள் கிடைக்கின்றன. அந்தச் சூட்டில் லீஜியோனெல்லா என்ற பாக்டீரியாவும் வளராது. 2025 தீபாவளிக்கு முந்தின இரவு கம்ப்ரெஸரும் காயிலும் சேர்ந்து ஓடும் நிலைக்கு மாற்றி வைத்தோம். ஏழு பேர் குளித்தோம், யாரும் குரல் கொடுக்கவில்லை.

மின்கட்டணம்தான் எல்லாரும் கேட்கும் கேள்வி, அதில் என் பதில் பலரை ஏமாற்றமடையச் செய்கிறது. ஒரு நாளைக்கு 50 கேலன் நீரின் சூட்டை 60 டிகிரி ஃபாரன்ஹீட் உயர்த்த 25,000 பி.டி.யு. வேண்டும். கேஸ் தொட்டியில் அதற்கு 0.4 தெர்ம் எரிவாயு ஆகும் (தெர்ம் என்பது எரிவாயுக் கட்டணத்தின் அலகு, ஒரு லட்சம் பி.டி.யு.). ஆண்டுக்கு 147 தெர்ம். ஹீட் பம்ப்பில் அதே வேலைக்கு நாளொன்றுக்கு 2.2 யூனிட் மின்சாரம். ஆண்டுக்கு 800 யூனிட்டுக்குச் சற்று மேல். எங்கள் பகுதியில் மின்சாரம் யூனிட்டுக்கு 40 சென்ட் அளவில் விற்கும்போது, தெர்ம் இரண்டரை டாலர் அளவில் இருக்கும்போது, இரண்டும் ஆண்டுக்கு 325 முதல் 370 டாலருக்குள் அடங்கிவிடுகின்றன. மிச்சம் மாதத்துக்கு மூன்று நான்கு டாலர். அதைக் காட்டி யாரையும் மாறச் சொல்ல மாட்டேன். மாலை 4 முதல் 9 வரை மின்சாரம் விலை ஏறும் நேரத்தில் இயந்திரம் ஓடாதபடி நேரம் குறித்து வைத்திருக்கிறேன். பகலில் சூடான நீர் இரவு வரை தாங்குகிறது. கூரையில் சோலார் உள்ள நண்பருக்கு லாபம் கூடுதல். 2023 ஏப்ரல் நடுப்பகுதிக்குப் பிறகு சோலார் இணைப்புக்கு விண்ணப்பித்தவர்களுக்கு, தாங்கள் மின்கம்பிக்குத் திருப்பி அனுப்பும் மின்சாரத்துக்குக் கிடைக்கும் விலை மிகவும் குறைவு; அதைவிட நண்பகலில் அந்த மின்சாரத்தை வெந்நீராக்கி வைத்துக்கொள்வது மேல்.

காசு உண்மையில் மிச்சமாவது, பழைய காயில் வகை மின் தொட்டி வைத்திருப்பவர்களுக்குத்தான். அதே வெந்நீருக்கு அவர்கள் நாளொன்றுக்கு 8 யூனிட் செலவழிக்கிறார்கள். அமெரிக்காவில் ஏறக்குறைய பாதி வீடுகளில், குறிப்பாகத் தென்கிழக்கு மாநிலங்களில், வெந்நீர் மின்சாரத்தில்தான். கூட்டாட்சி எரிசக்தித் துறை 2024இல் இறுதி செய்த தரவிதி, 2029 மே முதல் தயாராகும் வழக்கமான அளவு மின் தொட்டிகள் ஹீட் பம்ப் வகையாக இருக்க வேண்டும் என்கிறது. ஜார்ஜியாவிலோ வட கரோலினாவிலோ இருக்கும் தமிழ் நண்பர்களிடம் தயங்காமல் சொல்வேன்: உங்களுக்கு இது நான்கைந்து ஆண்டில் செலவை ஈடுகட்டிவிடும். அங்கே புகைக்குழாயை அடைக்கும் வேலையும் இல்லை, 240 வோல்ட் இணைப்பும் ஏற்கெனவே சுவரில் இருக்கிறது.

அப்படியானால் நாங்கள் 2,300 டாலர் கூடுதலாகச் செலவழித்தது எதற்கு? 147 தெர்ம் எரிவாயுவை எரிப்பதால் ஆண்டுக்கு முக்கால் டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. கலிஃபோர்னியாவின் மின்சாரத்தில் சூரியனும் காற்றும் நீரும் பெரும்பங்கு வகிப்பதால், 800 யூனிட்டுக்கு அதில் நான்கில் ஒரு பங்குகூட ஆகாது. குளிர்பதன வாயு கசிந்தால் அதுவும் கேடுதான். பலவற்றில் உள்ள ஆர்-134ஏ கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பம் பிடிக்கும். ஆகையால் தூக்கி எறியும்போது முறையாக வாயுவை எடுக்கச் செய்வது நம் பொறுப்பு. இவற்றையெல்லாம் எடைபோட்டுத்தான் மாறினோம். என் மகளுக்கு ஆஸ்துமா உண்டு. அவள் விளையாடும் கராஜில் சுடர் எரியவில்லை என்பதற்கு நான் விலை போட்டுப் பார்க்கவில்லை.

இன்று மாறுபவர்களுக்கு எங்களுக்குக் கிடைத்த வரிச் சலுகை இல்லை. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் அதை அந்த ஆண்டு டிசம்பர் 31உடன் முடித்துவிட்டது. இதனால் எரிவாயுவுக்கும் ஹீட் பம்ப்புக்குமான விலை வேறுபாடு மறுபடி பெரிதாகிவிட்டது என்பது எனக்கு உண்மையான வருத்தம். ஆனால் எந்தச் சலுகையும் என் எதிர்வீட்டுக்காரருக்கு அன்று உதவியிருக்காது என்பதை மறக்க முடியவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது இரண்டு வாரம் தாக்குப்பிடிக்க ஒரு வழி. இங்கே சில பிளம்பிங் நிறுவனங்கள் இப்போது தற்காலிகமாக ஒரு சிறிய கேஸ் தொட்டியை இரவலாக வைத்துக் கொடுத்து, பெர்மிட்டும் மின் இணைப்பும் முடிந்த பிறகு ஹீட் பம்ப்பைப் பொருத்துகின்றன. இதைப் போல எளிய, பயனுள்ள ஏற்பாட்டை அண்மையில் நான் பார்த்ததில்லை. ஊக்கத்தொகை தரும் அமைப்புகள் தொட்டிக்குத் தருவதில் ஒரு பங்கையாவது இந்த இரவல் தொட்டிக்கும் முன்கூட்டியே கம்பி இழுப்பதற்கும் ஒதுக்கினால், மாறுபவர்கள் எண்ணிக்கை கூடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

கம்பி இழுப்பதை நாமே முன்கூட்டிச் செய்துகொள்ளலாம். சென்ற மாதம் எங்கள் தெருவின் கோடியில் இருக்கும் மதுரைக்கார நண்பர் ஒருவர், ஓடிக்கொண்டிருக்கும் தன் கேஸ் தொட்டியின் தாளைப் படித்துவிட்டு, பதினோரு வயது என்று சொன்னார். “நல்லாத்தானே ஓடுது, இப்ப எதுக்குங்க மாத்தணும்?” என்று கேட்டார். மாற்ற வேண்டாம், கம்பியை மட்டும் இழுத்து வையுங்கள் என்றேன். இருவரும் சேர்ந்து அவர் மீட்டர் பதிவை இறக்கிச் சுமைக் கணக்குப் போட்டோம். எலக்ட்ரீஷியன் ஒருவர் பெர்மிட் எடுத்து அரை நாளில் பேனலிலிருந்து கராஜ் சுவர்வரை 30 ஆம்பியர் இணைப்பு இழுத்து முடித்தார். இப்போது அவர் கேஸ் தொட்டிக்கு மேல், சுவரில், மூடியிட்ட சாம்பல் நிறப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதன்மேல் “வாட்டர் ஹீட்டருக்கு” என்று பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறார். உள்ளே பிரேக்கர் அணைக்கப்பட்ட நிலையில், கம்பியின் முனைகள் மூடப்பட்டிருக்கின்றன.